ஒரு வார இதழும் அதன் உரிமையும்



எங்கள் கீழப்பாவூருக்கு அருகிலுள்ள பாவூர்சத்திரத்தில் காய்கறிச் சந்தை ஒன்று உண்டு. சுற்றுப்புறக் கிராமங்களில் விளையும் காய்கறிகள் அங்கு வந்து சேர்ந்து, லாரிகளில் ஏறிச் செங்கோட்டை வழியாகக் கேரளத்திற்குச் செல்கின்றன. அச்சந்தையில் வெண்டைக்காய் மூட்டையுடன் நிற்கும் விவசாயிக்கு அன்றைய தினம் மிகவும் தேவையானது எது? மலைக்கு அப்பால் என்ன விலை என்னும் செய்திதான். அச்செய்தியை அவருக்குச் சொல்பவர் யார்? பெரும்பாலும் அவரிடம் சரக்கு வாங்க வந்தவரே. வாங்குபவரே விலையையும் சொன்னால் அச்சொல்லை எந்த அளவுக்கு நம்பலாம்?

சந்தையில் எழும் இக்கேள்வி நாட்டுக்கும் பொருந்தும். பணம், தொழில், வரி, விலைவாசி ஆகியவற்றை நமக்கு எடுத்துச் சொல்லும் இதழ்கள் யாருடைய பணத்தில் நடைபெறுகின்றன? அப்பணம் தந்தவர் கைவிட்டால் அவ்விதழ்களின் கதி என்ன? இதற்கு விடையாக நம் நாட்டிலேயே ஒரு வார இதழின் வரலாறு இருக்கிறது.

தொப்பி வணிகர் தொடங்கிய ஏடு

பொருளாதார வார இதழ்களுக்கெல்லாம் மூத்தது எனத்தக்கது லண்டனிலிருந்து வெளிவரும் 'எக்கனாமிஸ்ட்'. 1843 செப்டம்பரில் அதனைத் தொடங்கிய ஜேம்ஸ் வில்சன், ஸ்காட்லாந்தில் பிறந்து தொப்பித் தொழில் செய்தவர். வெளிநாட்டுத் தானியத்தின் மீது பிரிட்டன் விதித்திருந்த வரி ஏழைகளின் ரொட்டி விலையை உயர்த்தியது. அவ்வரியை ஒழிக்க வேண்டும் என்பதற்காகவே அவர் ஏடு நடத்தினார். 1846-இல் அச்சட்டம் நீக்கப்பட்டது.

அதே வில்சன் 1859-இல் இந்திய அரசின் நிதிப் பொறுப்பை ஏற்றுக் கல்கத்தாவுக்கு வந்தார். 1860-இல் நிதிநிலை அறிக்கை அளித்து, இந்நாட்டில் வருமான வரியை அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டு ஆகஸ்டில் நோயுற்றுக் கல்கத்தாவிலேயே இறந்தார். வரியை எதிர்க்க ஏடு தொடங்கியவரே நமக்கு வருமான வரியைத் தந்தவர் என்பது வரலாற்றின் விந்தை!

இந்தியாவிலும் இத்தகைய ஏடுகள் தோன்றின. 1888-இல் கல்கத்தாவில் 'கேபிடல்', 1910-இல் பம்பாயில் 'காமர்ஸ்', 1943-இல் பிர்லா குழுமத்தின் 'ஈஸ்டர்ன் எக்கனாமிஸ்ட்' ஆகியவை வெளிவந்தன. பல்லாண்டுகள் வணிக உலகுக்குப் பயன்பட்ட இவை பின்னர் ஒவ்வொன்றாக நின்றுபோயின.

பம்பாயில் ஒரு புது முயற்சி

விடுதலைக்குப் பின், 1949 ஜனவரி முதல் நாள், பம்பாயிலிருந்து 'எக்கனாமிக் வீக்லி' என்னும் ஆங்கில வார இதழ் வெளிவந்தது. நிறுவிய ஆசிரியர் சச்சின் சௌத்ரி. முதல் போட்டது ஒரு வணிகக் குடும்பம். ஆயினும் பங்குச் சந்தை நிலவரத்தோடு அவ்விதழ் நின்றுவிடவில்லை. புதிதாக விடுதலை பெற்ற நாடு எவ்வாறு உழைக்கிறது, எவ்வாறு உண்கிறது என்பதையும் ஆராய்ந்தது. சமூகவியல் அறிஞர் எம்.என். சீனிவாஸ் முதலியோர் இந்தியக் கிராமங்களைப் பற்றி எழுதிய கட்டுரைகள் 1950-களின் தொடக்கத்தில் இதில் வெளிவந்து, 1955-இல் நூலாயின. வணிக ஏடு ஒன்றில் கிராமத்து ஏரும் களமும் இடம்பெற்றது புதுமையே.

பதினேழு ஆண்டுகள் சென்றன. உரிமையாளர்களுக்கும் ஆசிரியருக்கும் இடையே கருத்து வேறுபாடு முற்றியது. 1965 இறுதியில் இதழ் நின்றது. ஆசிரியரிடம் அறிவு இருந்தது; வாசகர்களிடம் அன்பு இருந்தது; ஆனால் இதழின் உரிமை வேறொருவரிடம் இருந்தது.

வாசகர்கள் மீட்ட இதழ்

அப்போது நிகழ்ந்ததுதான் நாம் நினைவிற்கொள்ள வேண்டியது. பேராசிரியர்களும் வாசகர்களும் நண்பர்களும் நிதி திரட்டினர். 'சமீக்ஷா' என்னும் அறக்கட்டளை அமைந்தது. 1966 ஆகஸ்டில், 'எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' என்ற புதுப் பெயருடன் இதழ் மீண்டும் வெளிவந்தது. வக்ஃபு சொத்தின் முறையை அறிந்த நமக்கு இவ்வேற்பாடு எளிதில் விளங்கும். தனியொருவர் விற்கவோ ஆதாயத்தைப் பங்கிட்டுக் கொள்ளவோ இயலாதபடி, இதழ் ஓர் அமானிதமாக ஒப்படைக்கப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சச்சின் சௌத்ரி காலமானார். இதழோ நிற்கவில்லை.

1969-இல் ஆசிரியப் பொறுப்பேற்ற கிருஷ்ண ராஜ், 2004 ஜனவரியில் இறக்கும் வரை, ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் இதனை நடத்தினார். தம் பெயரை முன்னிறுத்தாமல் பிறருடைய எழுத்தைச் செப்பனிட்டே ஆயுளைச் செலவிட்டவர் அவர். 1971 ஜனவரியில் தண்டேகரும் ரத்தும் எழுதிய 'இந்தியாவில் வறுமை' என்னும் ஆய்வு இவ்விதழில் வந்தது. நாளொன்றுக்கு 2,250 கலோரி உணவுக்கு வழியில்லாதோர், 1960-61 கணக்கின்படி, கிராமங்களில் சுமார் 40 சதவீதமும் நகரங்களில் சுமார் 50 சதவீதமும் இருந்தனர் என்று அது காட்டியது. வறுமையை ஒரு தட்டுச் சோற்றின் அளவால் அளந்த அவ்வாய்வு நாடெங்கும் விவாதத்தை எழுப்பியது. நம் சென்னையிலிருந்து சி.டி. குரியன், எஸ். குகன் போன்றோரும் இதில் எழுதினர்.

அறக்கட்டளை என்றால் சோதனையே வராது என எண்ணிவிட வேண்டாம். 2017-இல் அதானி குழுமம் பற்றிய கட்டுரை தொடர்பாக வழக்கறிஞர் அறிவிப்பு வந்தது. அக்கட்டுரையை நீக்குமாறு அறங்காவலர்கள் கூறினர். ஆசிரியர் பரஞ்ஜய் குஹா தாகுர்தா ஜூலையில் பதவி விலகினார். அறிஞர் பலர் அறங்காவலர்களின் முடிவைக் குறைகூறினர். உரிமையாளர் இல்லாத இடத்திலும் அச்சம் நுழைய வழியுண்டு என்பதற்கு இது சான்று. அறங்காவலர் உறுதியாக நின்றாலன்றி அறக்கட்டளைப் பத்திரம் மட்டும் இதழைக் காத்துவிடாது. அச்சோதனைக்குப் பின்னும் இவ்விதழ் மும்பையிலிருந்து வாரந்தோறும் வெளிவருகிறது.

வாசகர்களே! வீட்டில் சேமிப்பைப் பற்றிப் பேசும்போது, நகைச் சீட்டு, நிலம், பங்கு எனப் பல ஆலோசனைகள் வருகின்றன. ஆலோசனை சொல்பவருக்கு அதில் என்ன ஆதாயம் என்று முதலில் கேளுங்கள். ஏட்டில் அச்சானதாலேயே ஒன்றை நம்பிவிடாதீர்கள்; அந்த ஏட்டை நடத்துவது யார், அதில் விளம்பரம் செய்வது யார் என்று பாருங்கள். நேர்மையாக எழுதும் ஏடு எதுவாயினும், இரவல் வாங்கிப் படிப்பதோடு நில்லாமல் சந்தா கட்டி ஆதரியுங்கள். 1966-இல் ஒரு வார இதழை மீட்டது அதனைப் படித்தவர்கள் தந்த பணமே.