நுண்செயலி விலை: ஒரு சான்று

‘போட்டி இருந்தால் விலை குறையும்’ என்று எழுதிவிட்டு அடுத்த பத்திக்குத் தாவிவிடாதீங்க, மாணவர்களே. அந்த வரிக்குச் சான்று வேண்டும். நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

சுங்கை பட்டாணி, பாடாங் செராய் பக்கம் விடியற்காலையில் தொழிற்சாலை பஸ் போவதைப் பார்த்திருப்பீங்க. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் அதில் ஏறித்தான் கூலிமுக்கும் பினாங்குக்கும் வேலைக்குப் போனாங்க. கணினிக்கு நுண்செயலி தயாரிக்கும் இன்டெல், ஏஎம்டி இரண்டுமே 1972இல் பாயான் லெப்பாசில் ஆலை தொடங்கின. பிறகு இன்டெல் கூலிமுக்கும் வந்தது. (வெறும் ‘செயலி’ என்றால் கைப்பேசிச் செயலி என்று நினைத்துவிடுவார்கள், ‘நுண்செயலி’ என்றே எழுதுங்க.)

நுண்செயலிக்குள் கணக்குப் போடும் பகுதியைக் ‘கோர்’ என்கிறோம். 2016இல் எட்டு கோர் உள்ள இன்டெல் ஒன்று ஆயிரம் டாலரைத் தாண்டியது. மறு ஆண்டே ஏஎம்டி எட்டு கோர் ரைசனை 499 டாலருக்கு இறக்கியது. 2019இல் இன்டெலின் புதிய 18 கோர் வகை 979 டாலர். அதற்கு முந்தைய வகையோ 1,979! தயாரிப்புச் செலவு ஓராண்டில் பாதியாகிவிட்டதா என்ன? எதிராளி 16 கோரை 749 டாலருக்குத் தந்ததுதான் காரணம்.

பலர் இதோடு நிறுத்திவிடுவாங்க. 2020இல் ஏஎம்டி வேகத்தில் முந்தியது. முந்தியதும் என்ன செய்தது தெரியுமா? 249 டாலராக இருந்த ஆறு கோர் வகைக்கு அடுத்து வந்ததை 299 டாலருக்கு விற்றது. போட்டியாளர் அங்கேயேதான் இருந்தார், விலையோ ஏறியது. பின்தங்கியவர் குறைக்கிறார், முந்தியவர் ஏற்றுகிறார். கட்டுரையில் இரண்டு ஆண்டுகளையும் சேர்த்தே காட்டுங்க.