வெடிக்க அனுமதி உள்ள பெட்டி

பெட்ரோல் பங்கில் நாம் பார்க்கும் பம்புகள் பலவற்றின் அடிப்பாகத்தில் ஒரு மின்மோட்டார் ஓடுகிறது. அதைச் சுற்றிப் பெட்ரோல் ஆவி சேர வாய்ப்புண்டு. காற்றில் சுமார் 1.4 சதவீதம் அந்த ஆவி கலந்தாலே போதும், ஒரு சிறு பொறியில் பற்றிக்கொள்ளும்.

ஆவி புகாதபடி மோட்டாரை அடைத்துவிடலாமே என்று தோன்றும். ஆனால் சுழலும் தண்டு வெளியே வந்தாக வேண்டும். சூடாகி ஆறும்போதெல்லாம் பெட்டி வெளிக்காற்றை உள்ளிழுக்கும். அதனால் ‘ஃப்ளேம்புரூஃப்’ பெட்டி வேறு வழியில் போகிறது. ஆவி உள்ளே வரலாம், வெடிக்கவும் செய்யலாம். தீ மட்டும் வெளியே போகக் கூடாது.

வெடிப்பின் அழுத்தத்தைத் தடித்த உலோகச் சுவர் தாங்கிக்கொள்ளும். சூட்சுமம், மூடியும் பெட்டியும் சேரும் விளிம்பில் இருக்கிறது. இழைத்துச் சமமாக்கிய இரண்டு அகலமான உலோகப் பரப்புகளுக்கு நடுவே மெல்லிய இடுக்கு. வெந்த வாயு அதன் வழியே சீறி வரும்போது இருபுறமும் உள்ள உலோகம் சூட்டை உறிஞ்சிவிடும். வெளியே இருக்கும் ஆவியைப் பற்றவைக்க அதற்குச் சூடு போதாது. 1815-இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்கைச் சுற்றி வைத்த கம்பிவலையும் இதே வேலையைத்தான் செய்தது.

இடுக்கு எவ்வளவு இருக்கலாம் என்பது வாயுவைப் பொறுத்தது. 25 மி.மீ. அகல விளிம்பில் சோதித்தால், புரோப்பேன் தீயை 0.92 மி.மீ. இடுக்கு நிறுத்திவிடும், ஹைட்ரஜனுக்கோ 0.29 மி.மீ.தான். பெட்ரோலுக்குப் போதுமான பெட்டி ஹைட்ரஜன் ஆலைக்கு ஆகாது. பெட்டியின் வெளிப்பரப்புச் சூட்டுக்கும் வரம்பு உண்டு: டி3 வகை 200 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது, டி6 வகை 85-ஐ. இந்தியாவில் பெட்ரோல் நிலையங்களுக்கான இத்தகைய கருவிகளுக்கு நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ‘பெசோ’ ஒப்புதல் தருகிறது.

ஒப்புதல் வாங்கிய பெட்டியும் பழுதுபார்க்கும் மேசையில் கெட்டுப்போகலாம். மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் விளிம்பில் கீறல் விழும். தண்ணீர் இறங்காதிருக்க ரப்பர் கேஸ்கெட் செருகினால் இடுக்கு அகலும். எட்டு போல்ட்டில் ஒன்றை விட்டுவிட்டால் அங்கே மூடி தூக்கிக்கொள்ளும். மோட்டார் அப்போதும் வழக்கம்போல ஓடும் என்பதால் கோளாறு கண்ணில் படாது. ஆகவே விளிம்பைத் துடைத்து, இடுக்கை ஃபீலர் கேஜால் அளந்து, போல்ட்டுகளை எண்ணிப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுக்க வேண்டும்.