லாவ்பாய்ஷிங்: சீனத்துச் சாமானியரின் பெயர்

காய்கறி விலை ஏறினாலும் ஆஸ்பத்திரிச் செலவு கையைக் கடித்தாலும் சீனத்துச் சாமானியர் தம்மைச் சொல்லிக்கொள்வது ஒரே பெயரால்தான்: லாவ்பாய்ஷிங். 'பாய்' என்றால் நூறு, 'ஷிங்' என்றால் குடும்பப்பெயர். முன்னால் நிற்கும் 'லாவ்' பழமையோடு நெருக்கத்தையும் சேர்க்கிறது.

இது மேலிருந்து இறங்கி வந்த சொல். பழஞ்சீனத்தில் குடும்பப்பெயர் பிரபுக்களுக்கே உரியது. அன்று பாய்ஷிங் என்றால் உயர்குலத்தார். கி.மு. 5 முதல் 3-ஆம் நூற்றாண்டு வரை நடந்த ஓயாத போர்களில் பழைய குலங்கள் சரிந்தன. குடும்பப்பெயர் குடிமக்களிடமும் பரவியது. பாய்ஷிங் என்ற சொல்லும் அவர்களுடையதாயிற்று. சோங் வம்ச காலத்தில் எழுந்த 'நூறு குடும்பப்பெயர்கள்' என்ற சிறுவர் பாடநூலில் உண்மையில் 500-க்கும் மேற்பட்ட பெயர்கள் உண்டு. 'நூறு' என்பது 'எல்லாரும்' என்பதற்கான வழக்கு.

அதிகாரிக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் லாவ்பாய்ஷிங். சோங் காலத்து ஆளுநர் தியென் தெங் பற்றிய கதை இதைத் தெளிவாகக் காட்டும். 'தெங்' என்ற ஒலிக்கு விளக்கு என்ற பொருளும் உண்டு. தன் பெயரை யாரும் உச்சரிக்கக் கூடாது என்று அவர் தடை போட்டார், மீறியவர்களுக்குச் சவுக்கடி. ஊரார் விளக்கை 'நெருப்பு' என்று சொல்லத் தொடங்கினார்கள். விளக்குத் திருவிழா வந்தது. 'வழக்கம்போல் மூன்று நாள் நெருப்பு வைக்கப்படும்' என்று அலுவலர்கள் அறிவிப்பு ஒட்டினார்கள்! அதிகாரி ஊருக்கே தீ வைக்கலாம், பாய்ஷிங் விளக்கேற்றக் கூடாது என்ற பழமொழி இதிலிருந்து பிறந்தது. இன்றும் அதிகாரத் திமிரைச் சுட்ட அதைத்தான் சொல்கிறார்கள்.

1949-இல் அமைந்த மக்கள் குடியரசு, மக்கள் என்று பொருள்படும் 'ரென்மின்' என்ற சொல்லை முன்னிறுத்தியது. வங்கி, ராணுவம், கட்சி நாளேடு, ரென்மின்பி என்ற நாணயம் என எல்லாவற்றிலும் அதுவே. படிவங்களில் 'அரசியல் நிலை' என்ற கட்டமும் உண்டு; எந்தக் கட்சியிலும் சேராதவர் அதில் 'வெகுஜனம்' என்று எழுதுகிறார். ஆனால் வீட்டிலும் தெருவிலும் அவர் லாவ்பாய்ஷிங்தான். மக்களோடு நெருங்கிப் பேச விரும்பும் தலைவர்களும் மேடையில் இந்தச் சொல்லையே எடுக்கிறார்கள்.

எனக்கு இந்தச் சொல்லின்மேல் பெருமதிப்பு உண்டு. கூட்டம், திரள் என்ற சொற்களில் ஆட்கள் கரைந்துபோகிறார்கள். லாவ்பாய்ஷிங்கிலோ வாங், லீ, ஜாங் என்று ஒவ்வொரு வீடும் தன் பெயரோடு நிற்கிறது. ஓர் ஆட்சி நல்லதா என்று அறிய, அந்த வீடுகளின் அடுப்பையும் மருந்துச் சீட்டையும் பிள்ளைகளின் படிப்பையும்தான் பார்க்க வேண்டும்.