உதிரம் விளையும் நாற்றங்கால்

சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்பட்டு அம்பத்தூர், ஆவடி, அரக்கோணம் வழியாகக் காட்பாடிக்குச் செல்லும் தொடர்வண்டிகளில் நோயாளிகளும் அவர்தம் உறவினரும் நாள்தோறும் பயணம் செய்கின்றனர். அவர்களுள் பலர் நாடிச் செல்வது வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை. அங்கு 1986ஆம் ஆண்டு முதல் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடைபெற்று வருகிறது. தலசீமியா, இரத்தப் புற்றுநோய் போன்றவற்றால் வாடுவோர்க்கு அது மறுவாழ்வு தரவல்லது.

மாற்றுச் சிகிச்சை என்றவுடன் கத்தியும் தையலும் நினைவுக்கு வரும். இங்கு நோயாளிக்கு அவை தேவையில்லை. முதலில் அவருடைய பழுதுற்ற மஜ்ஜைச் செல்கள் வீரியமிக்க மருந்துகளால் அழிக்கப்படுகின்றன. பின்னர்க் கொடையாளரின் குருத்தணுக்கள், இரத்தம் ஏற்றுவதுபோலவே, சிரையின் வழியே செலுத்தப்படுகின்றன. அவை இரத்தவோட்டத்தில் அலைந்து, எலும்பின் உட்புறத்தைத் தாமே கண்டறிந்து குடியேறுகின்றன.

ஸ்டெம் செல் எனப்படும் குருத்தணு இரு திறன்களை உடையது. பிரிந்து பெருகித் தன்னைப்போன்ற குருத்தணுவையே மீண்டும் உருவாக்கும். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என வெவ்வேறாகவும் முதிரும். நம் உடலில் நொடிக்கு ஏறத்தாழ 20 இலட்சம் சிவப்பணுக்கள் புதிதாகத் தோன்றுவது இவற்றின் பணியாலேயே.

இத்தகைய செல்லைத் தருவதற்குத் திசுப்பொருத்தம் உடைய கொடையாளர் வேண்டும். உடன்பிறந்தார் ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நான்கில் ஒன்றே. சிறு குடும்பங்கள் பெருகிய இக்காலத்தில் அதுவும் அரிதாகிறது. சென்னையில் 2009இல் தொடங்கப்பட்ட ‘தாத்ரி’ போன்ற கொடையாளர் பதிவகங்கள் இக்குறையைப் போக்க முயல்கின்றன. 18 வயது நிறைந்த ஒருவர், கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் வருடித் தரும் மாதிரியைக்கொண்டே அவற்றில் பதிவு செய்துகொள்ளலாம்.

தொப்புள்கொடி இரத்தம் மற்றொரு வழி. 1988இல் பாரிசில் ஒரு சிறுவனுக்கு அது முதன்முதலாகப் பயன்பட்டது. ஆயினும் ஒரு கொடியில் கிடைக்கும் செல்கள் குழந்தைக்குப் போதுமானவை. வளர்ந்தவருக்கு அவை பெரும்பாலும் போதா. செல்கள் குறைந்தால் வெள்ளையணுக்கள் மீண்டும் தோன்றக் காலம் நீளும். அந்நாள்களில் எளிய நோய்த்தொற்றும் உயிரைப் பறிக்கக்கூடும். ஆகவே, கிடைத்த சில செல்களை ஆய்வகத்தில் பெருக்கிக்கொள்ள இயலுமா என்னும் கேள்வி எழுந்தது.

கேட்பதற்கு எளிது, செய்வதற்கு அரிது. ஊட்டக் கரைசலில் தனியே விடப்பட்ட குருத்தணுக்கள் சில நாள்களில் முதிர்ந்துவிடும் அல்லது மடிந்துவிடும். மான்செஸ்டரில் மைக்கேல் டெக்ஸ்டரும் உடன் ஆய்வாளர்களும் 1977இல் வேறொரு வழியைக் காட்டினர். எலியின் மஜ்ஜையிலுள்ள துணைச்செல்களை முதலில் குடுவையின் அடியில் ஒரு படலமாகப் படரவிட்டு, அதன்மேல் மஜ்ஜைச் செல்களை இட்டனர். குருத்தணுக்கள் மாதக்கணக்கில் உயிர்ப்புடன் இருந்தன. உழவர் நாற்றங்காலைப் பண்படுத்திய பின்னரே விதை தூவுவர் அன்றோ! அடுத்த ஆண்டே ரேமண்ட் ஸ்கோஃபீல்டு, குருத்தணுவின் இயல்பு அதனுள் மட்டும் இல்லை, அது குடியிருக்கும் இடத்தாலும் காக்கப்படுகிறது என்னும் கருத்தை முன்வைத்தார்.

துணைச்செல்கள் வெறும் தரை அல்ல. குருத்தணுக்களைத் தம்பால் ஈர்த்து நிறுத்தும் சிஎக்ஸ்சிஎல்12, அவை பிழைத்திருக்க உதவும் எஸ்சிஎஃப் போன்ற புரதங்களை அவை சுரக்கின்றன. சிரையில் விடப்பட்ட செல்கள் எலும்பைத் தேடிச் சேர்வதும் இவ்வழைப்பினால்தான். மாற்றுச் சிகிச்சைக்குப் பின்னரும் இத்துணைச்செல்கள் பெரும்பாலும் நோயாளியுடையனவாகவே நீடிக்கின்றன என்பது வியப்புக்குரியது. விதை பிறருடையது, நிலம் தன்னுடையது.

இம்முறை மனிதரிடம் பயன்பட்டதை 2012இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 31 பேருக்குத் தலா இரு கொடிகளின் இரத்தம் செலுத்தப்பட்டது. ஒன்று அப்படியே, மற்றொன்று மஜ்ஜைத் துணைச்செல்களுடன் இரு வாரம் வளர்க்கப்பட்டது. குருத்தணுக்களை உள்ளடக்கிய செல்வகை ஏறத்தாழ 30 மடங்கு பெருகியிருந்தது. வழக்கமாக 24 நாள்களில் மீளும் நியூட்ரோஃபில் வெள்ளையணுக்கள், இவர்களிடம் 15 நாள்களில் மீண்டன. ஒன்பது நாள் இடைவெளி சிறிதெனத் தோன்றலாம். தனியறையில் காய்ச்சலுக்கு அஞ்சிக் கிடப்பவருக்கு அது சிறிதன்று.

எனினும், இவ்வெற்றியை அளந்தே கொள்ளல் வேண்டும். நாளடைவில் நிலைத்து இரத்தம் தந்தவை பெரும்பாலும் வளர்க்கப்படாத கொடியின் செல்களே. பெருக்கப்பட்டவை விரைந்து முளைத்தன, நெடுநாள் நிற்கவில்லை. எண்ணிக்கை கூடியபோது குருத்துத் தன்மை குறைந்தது என்றே கொள்ளத் தோன்றுகிறது. இதற்கிடையே, பாதி பொருத்தமுடைய பெற்றோரே கொடையாளராகும் முறை முன்னேறியதால், தொப்புள்கொடி இரத்தத்தின் தேவையும் ஓரளவு தணிந்துள்ளது.

குருத்தணுவை உடலுக்கு வெளியே பேணும் கலையின் தேவையோ தணியவில்லை. கடும் ஹீமோஃபிலியா உடைய ஐவரின் குருத்தணுக்களைப் பிரித்தெடுத்து, உறைதலுக்கு வேண்டிய மரபணுவைச் சேர்த்து, அவர்களுக்கே திரும்பச் செலுத்திய வேலூர் மருத்துவர்களின் ஆய்வு 2024 டிசம்பரில் வெளியானது. அக்கண்காணிப்புக் காலத்தில் ஐவருக்கும் இரத்தக்கசிவு நேரவில்லை. அங்குக் கொடையாளரைத் தேடும் சிக்கல் இல்லை. ஆனால் உடலைவிட்டு வெளியே இருக்கும் வேளையில் குருத்தணு தன் இயல்பை இழந்துவிடாமல் காக்கும் சிக்கல் அவ்வாறே உள்ளது.