விரலிலிருந்து செவி வரை

ஓசூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் தமிழகத்தின் எல்லையூராக நிற்கும் ஜூஜுவாடியைத் தாண்டினால், அத்திப்பள்ளி. அங்கே கர்நாடகம் தொடங்கிவிடுகிறது. தொழிற்சாலைகள் சூழ்ந்த இந்த வட்டாரத்தில் பகலெல்லாம் இயந்திரத்தோடு உழைத்துவிட்டு, மாலையில் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, மாதா கோயில் பாடற் குழுவிலோ கல்யாண மேடையிலோ, எல்லைக்கு அப்பால் பெங்களூரின் இசைக் கூடங்களிலோ வாசிக்க வேண்டுமென்று ஆசைப்படும் ஓர் இளைஞன், முதலில் திகைத்து நிற்பது கடையில் அடுக்கி வைத்திருக்கும் சாதனங்களைக் கண்டுதான். எதை வாங்குவது, எதை எதனோடு இணைப்பது என்று தெளிய வேண்டுமானால், விரல் தந்தியைத் தீண்டும் கணம் முதல் கேட்பவர் செவியில் நாதம் விழும் கணம் வரை ஒலி செல்லும் மார்க்கத்தை நாமும் ஒருமுறை தொடர்ந்து சென்று பார்ப்பது நல்லது.

மின்கிட்டாரின் ஜீவன் தந்திகளுக்கு அடியிலுள்ள பிக்கப்பில் இருக்கிறது. தலைமயிர் அளவே பருமனுள்ள தாமிரக் கம்பியைக் காந்தத் துண்டுகளைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுக்கள் சுற்றியிருப்பார்கள். எஃகுத் தந்தி அதிர, காந்தப் புலம் சலனமுற்று, அந்தக் கம்பியில் மிக நுண்ணிய மின்சாரம் பிறக்கிறது. 1954இல் வெளிவந்த ஃபெண்டர் ஸ்ட்ராடோகாஸ்டரில் இத்தகைய ஒற்றைச் சுருள் பிக்கப்புகள் மூன்று உண்டு. அவற்றின் ஒலி தெளிவும் துலக்கமும் கொண்டது என்றாலும், பக்கத்திலுள்ள மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் பரப்பும் 50 ஹெர்ட்ஸ் அலையையும் அந்தச் சுருள் பற்றிக்கொண்டு, ஓயாத ரீங்காரமாக்கிவிடும். கிப்ஸன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் 1955இல், இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து, வெளியிலிருந்து வரும் ரீங்காரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளவும் தந்தியின் நாதம் மட்டும் கூடி நிற்கவும் ஹம்பக்கர் என்னும் பிக்கப்பை வகுத்தார். லேத்துப் பட்டறைக்கும் வெல்டிங் கூடத்துக்கும் நடுவே வீடு அமைந்தவருக்கு அது பெரிய உபகாரம்.

பிக்கப்பில் பிறந்த மின்சாரம் பலவீனமானது. கேபிள் நீள நீள, மீட்டும்போது எழும் கூர்மையான ஒலிகள் மழுங்கிப்போகும். ஆகையால் கேபிள் ஆறு மீட்டருக்குள் இருப்பது உத்தமம். நெடுந்தூரத்தில் உள்ள மிக்ஸருக்கு அனுப்ப நேர்ந்தால் டிஐ பாக்ஸ் என்னும் சிறு பெட்டியின் வழியே அனுப்ப வேண்டும். ஒலியை அது இரு கம்பிகளில் எதிரெதிர் வடிவமாக அனுப்புவதால், வழியில் ஏறும் இரைச்சல் மறுமுனையில் கழிந்துவிடுகிறது.

கிட்டாருக்கும் ஒலியைப் பெருக்கும் ஆம்புக்கும் இடையே காலடியில் வைக்கும் பெடல்களுக்கும் ஒரு கிரமம் உண்டு. முதலில் சுருதி சேர்க்கும் டியூனர், அடுத்து ஒலியை 'வா-வா' என்று நெளிக்கும் வா பெடல், அதன்பின் ஒலியைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ், இறுதியில் எதிரொலி தரும் டிலேயும் ரிவெர்பும் என்பது பொது வழக்கம். எதிரொலியை முன்னால் வைத்துக் கரகரப்பைப் பின்னால் வைத்தால், எதிரொலிகளெல்லாம் ஒன்றோடொன்று குழம்பி, ஸ்வரம் எது, சாயல் எது என்று பிரித்தறிய முடியாமல் போய்விடும். வேண்டுமென்றே அந்தக் குழப்பத்தை நாடுவோரும் உண்டு. ஆனால் விதியை அறிந்தபின் மீறுவதே கலைஞனுக்கு அழகு.

மேடையில் எல்லாவற்றுக்கும் முந்திய விஷயம் எர்த். கிட்டாரின் தந்திகள் ஆம்பின் எர்த்தோடு இணைந்திருப்பவை. பாடிக்கொண்டே வாசிப்பவரின் உதடோ மைக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஆம்புக்கு ஓரிடத்திலிருந்தும் மைக் செட்டுக்கு வேறிடத்திலிருந்தும் மின்சாரம் எடுத்து, அவற்றுள் ஒன்றில் எர்த் பழுதாகியிருந்தால், அந்த மனித உடலே மின்சாரத்துக்குப் பாலமாகிவிடும். 1972இல் பிரிட்டனின் ஸ்வான்ஸி நகரில், ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்ட மாத்திரத்தில் மேடையிலேயே உயிர் நீத்தார். ரீங்காரம் போக வேண்டுமென்று மூன்றாவது பின்னை முறித்துவிடுவதும், பிளக் இல்லாமல் கம்பியைத் தீக்குச்சியால் செருகுவதும் திருவிழாப் பந்தல்களில் சாதாரணமாகக் காணும் காட்சி. ஆபரேட்டரிடம் எர்த் இருக்கிறதா என்று கேட்பதற்கு எந்த வித்துவானும் கூச்சப்படலாகாது.

ஸ்டூடியோவின் தேவை வேறு. மேடையில் தடையின்றி ஓடுவது பிரதானம் என்றால், இங்கே நிசப்தம் பிரதானம். ஆம்பின் ஸ்பீக்கர் முன் ஓர் அங்குல தூரத்தில் மைக்கை நிறுத்துவது நெடுநாளைய வழக்கம்; 1965இல் அறிமுகமான ஷ்யூர் எஸ்எம்57 இன்றும் இந்தப் பணியில் இருக்கிறது. ஸ்பீக்கரின் நடுவை நோக்கி வைத்தால் ஒலி பளிச்சென்றும், விளிம்பை நோக்கி இரண்டு விரற்கடை நகர்த்தினால் கனிந்தும் ஒலிக்கும். ஆம்பே இல்லாமல், ஒலியைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் இன்டர்ஃபேஸ் மூலம் கணினியில் நேராகப் பதிவதும் இன்று பரவலாகிவிட்டது; 2011இல் வந்த கெம்பர் போன்ற பெட்டிகள் பழைய ஆம்புகளின் குணத்தையே பிரதியெடுத்துத் தருகின்றன. கணினியில் வாசித்தது செவிக்குத் தாமதமாக வந்தால் விரல் தடுமாறும். 48 கிலோஹெர்ட்ஸில் 128 மாதிரிகள் என்று, கணினி ஒலியைச் சேர்த்து வைத்துக் கையாளும் பஃபரை அமைத்துக்கொண்டால், அதனால் நேரும் தாமதம் மூன்று மில்லிசெகண்டுக்கும் குறைவே.

நம் சங்கீதத்துக்கு இந்த ஏற்பாடுகள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை, ஸ்வரத்தை அசைத்து வளைக்கும் கமகம் காட்டிவிடுகிறது. மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ், இரட்டைத் தந்திகளையுடைய மரபான மாண்டலினை விடுத்து, ஐந்து ஒற்றைத் தந்திகளுள்ள மின் மாண்டலினைக் கைக்கொண்டார். மரபான மாண்டலினில் சட்டென்று அடங்கிவிடும் நாதம் நீண்டு நின்றதும், கமகம் உருப்பெற்றதும் அதனால் சாத்தியமாயிற்று. கிட்டார் கலைஞர் ஜான் மெக்லாஃப்லின் தம் 'சக்தி' இசைக் குழுவுக்காக, கட்டைகளுக்கு இடையே மரத்தைக் குழியாகச் செதுக்கிய கிட்டாரை வாசித்தார். விரல் மரத்தில் உரசாமல் தந்தியை இழுத்து அசைக்க அது இடமளித்தது. ராணிப்பேட்டையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பற் பொறியியல் பயின்று, பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரிக்கும் சென்று கற்ற பிரசன்னா, கர்நாடக சங்கீதத்தை மின்கிட்டாரில் உலகெங்கும் வாசித்து வருகிறார். கருவியின் அமைப்பைச் சங்கீதம் தீர்மானித்த வரலாறு இது.

ஆகவே கையிலுள்ள பணத்தை முதலில் புதிய தந்திக்கும், தந்தியின் உயரத்தையும் ஸ்தானத்தையும் திருத்தும் செட்டப்புக்கும், நல்ல கேபிளுக்கும், டியூனருக்கும் செலவிட்டு, பிறகு ஆம்பையும், கடைசியாகப் பெடல்களையும் வாங்குவதே சிலாக்கியம். எர்த் இல்லாத இயந்திரத்தைத் தொடவும் மறுத்து, மைக்ரோமீட்டரில் அளந்து அளந்து பழகிய ஓசூர்த் தொழிலாளிக்கு இந்தச் சாஸ்திரத்தில் பாதி முன்பே தெரியும். பட்டறையில் காட்டும் அதே சிரத்தையை மேடையிலும் காட்டினால், நித்திய சாதகத்தால் விரல் சம்பாதித்த நுட்பம், வழியில் ஒரு துளியும் சிந்தாமல் சபையோரின் செவியைச் சென்றடையும்.