மலையில் மூன்று கிலோமீட்டர்

ஒவ்வோர் ஆண்டும் ஜூனில் பள்ளி திறக்கும்போது போக்குவரத்துத் துறையிலிருந்து ஓர் அறிவிப்பு வரும். புதிய பஸ் பாஸ் கைக்கு வரும்வரை சீருடையில் வருகிற பிள்ளைகளையும் பழைய பாஸ் வைத்திருப்பவர்களையும் நடத்துநர்கள் டிக்கெட் கேட்காமல் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்பார்கள். நல்ல அறிவிப்பு. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், சங்கராபுரம் பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதை நம்பித்தான் முதல் நாள் வீட்டைவிட்டுக் கிளம்புகிறார்கள். ஆனால் அதே கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே, கச்சிராயபாளையத்தைக் கடந்து கல்வராயன்மலையில் ஏறினால், அந்த அறிவிப்பின் பயன் பஸ் வந்து நிற்கும் இடத்தோடு முடிந்துவிடுகிறது. கரியாலூர், வெள்ளிமலை என்று தார்ச்சாலையை ஒட்டிய ஊர்களுக்குப் பரவாயில்லை. சாலையிலிருந்து உள்ளே தள்ளி, ஓடைக்கு அப்பால், சரிவுக்குக் கீழே இருக்கிற சிற்றூர்ப் பிள்ளையிடம் பாஸ் இருக்கும். அந்தப் பிள்ளை ஏறுவதற்குப் பஸ்தான் இருக்காது.

பள்ளிக்குப் போய்வர வண்டி வசதி யாருக்கு உண்டு என்ற கேள்விக்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. 2009இல் இயற்றப்பட்ட கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தையொட்டி 2010இல் வந்த ஒன்றிய விதிகள், 1 முதல் 5ஆம் வகுப்பு வரை 1 கிலோமீட்டர், 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டர் நடைதூரத்துக்குள் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. அந்த எல்லைக்குள் பள்ளி இல்லாத சிறு குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு இலவச வண்டியோ தங்கிப் படிக்கும் வசதியோ அரசு செய்து தர வேண்டும். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான போக்குவரத்து ஏற்பாடு வேண்டும் என்றும் தனியாகச் சொல்லியிருக்கிறது. சமக்ர சிக்‌ஷா எனப்படும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் இதற்காகக் குழந்தைக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரை ஒதுக்க இடமுண்டு. வண்டி போகாத இடமென்றால், துணைக்கு ஓர் ஆளை அனுப்பிப் பிள்ளைகளைக் கூட்டிவரவும் அந்தப் பணத்தைச் செலவிடலாம்.

இந்த விதியில் நீண்ட காலம் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரைதான் பேசுகிறது. அதனால் வண்டிக்கான பணமும் 8ஆம் வகுப்போடு நின்றுபோனது. மலையில் உண்மையான தொலைவு தொடங்குவதே 9ஆம் வகுப்பில்தான். தொடக்கப் பள்ளி ஊருக்குள்ளேயோ பக்கத்து ஊரிலோ இருக்கும். நடுநிலைப் பள்ளி எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருக்கும். உயர்நிலைப் பள்ளிக்கான அளவுகோலே 5 கிலோமீட்டர். மேல்நிலைப் பள்ளிக்கு 7 முதல் 10. பள்ளி தூரமாகிற அதே ஆண்டில் வண்டிக்கான தகுதி பறிபோனால் பிள்ளை என்ன செய்யும்? பையன் என்றால் விடுதியில் சேர்ப்பார்கள், அல்லது அப்பாவோடு வேலைக்குப் போய்விடுவான். பெண் பிள்ளையாக இருந்தால் பெரும்பாலும் வீட்டோடு நின்றுவிடும். வயதுக்கு வந்த பெண்ணைக் காட்டுப் பாதையில் தனியாக அனுப்ப எந்தத் தாய்க்கு மனம் வரும்? படிப்பை நிறுத்தும் பெற்றோரை அறியாதவர்கள் என்று குறை சொல்வது எளிது. அந்தப் பாதையை ஒருமுறை நடந்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும்.

2021 ஆகஸ்டில் ஒன்றிய அமைச்சரவை சமக்ர சிக்‌ஷா திட்டத்தை 2025-26 வரை நீட்டித்தபோது இந்த ஓட்டை பாதி அடைபட்டது. வண்டிச் செலவுக்கான தகுதி 9, 10ஆம் வகுப்புகளுக்கும் விரிவானது. பேரளவில் யாரும் கொண்டாடாத இந்த மாற்றம் மலைப்பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிது என்பதைப் புரிந்துகொள்ளப் பீகார் அனுபவம் உதவும். அங்கே 2006இல் 9ஆம் வகுப்பில் சேரும் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் அதை ஆராய்ந்து, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் 32 சதவீதம் கூடினார்கள், ஆண் பெண் இடைவெளி 40 சதவீதம் குறைந்தது என்று கண்டார்கள். அந்தப் பயனில் பெரும்பகுதி, பள்ளி 3 கிலோமீட்டரோ அதற்கு மேலோ தள்ளியிருந்த ஊர்களில் கிடைத்தது. 9ஆம் வகுப்பில் தூரத்தைக் குறைத்தால் பெண் பிள்ளை பள்ளிக்கு வரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

தமிழ்நாட்டிலும் சைக்கிள் தருகிறோம், பிளஸ் ஒன்னில். உளுந்தூர்பேட்டைச் சமவெளியில் அது பிள்ளைகளுக்குக் கால்களாகவே மாறிவிட்டது. கல்வராயனின் ஏற்றத்தில் சைக்கிளை ஓட்ட முடியாது, தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். மலைக்கு வண்டிதான் வேண்டும். ஆனால் 2021இன் மாற்றமும் 10ஆம் வகுப்போடு நின்றுவிட்டது.

தகுதியைக் கிலோமீட்டரில் அளப்பது சமவெளியில் சரி. கல்வராயன்மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. ஜவ்வாது, சேர்வராயன், பச்சைமலை எல்லாம் இதன் பங்காளிகள். கீழிருந்து இரண்டாயிரம் மூவாயிரம் அடி உயரம். வரைபடத்தில் இரண்டு ஊர்ப் புள்ளிகளை நேர்கோட்டில் இணைத்தால் இரண்டரை கிலோமீட்டர் வரும். காலால் நடந்தால் ஒரு பள்ளத்தில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபுறம் ஏற வேண்டும். நேர்கோட்டைப் பார்த்தால் அந்தப் பிள்ளைக்குத் தகுதி இல்லை, பாதையைப் பார்த்தால் உண்டு. மழைக்காலத்தில் ஓடையில் வெள்ளம் வந்துவிட்டால் சுற்றுவழிதான். அப்போது அதே பிள்ளையின் தூரம் இரண்டு மடங்காகிவிடும். விதியில் இருப்பது நடைதூரம். அந்தச் சொல்லை அதன் முழுப் பொருளில் எடுத்துக்கொண்டு அளக்கிறார்களா என்பதில்தான் ஒரு பிள்ளையின் படிப்பு தங்கியிருக்கிறது.

விதியை எழுதியவர்களுக்கு மலை தெரியாமல் இல்லை. கரடுமுரடான நிலம், மண்சரிவு, வெள்ளம், சாலையின்மை, சிறு பிள்ளைகளுக்கு வழியில் ஆபத்து இவையெல்லாம் உள்ள இடங்களில் ஒன்று, மூன்று என்ற எல்லைகளைக் குறைத்துப் பள்ளியை அமைக்க வேண்டும் என்று அதே 2010 விதிகள் சொல்கின்றன. என் கருத்தில், கல்வராயன் பிள்ளைகளுக்கு இந்த விதித்தொகுப்பிலேயே மிகவும் பயன்தரும் வரி இதுதான். பள்ளிக்கான எல்லை குறைந்தால் வண்டிக்கான தகுதியும் தானே விரியும். மலைக்கு 3 கிலோமீட்டர் பொருந்தாது என்று அறிவிக்கப் புதுச் சட்டம் தேவையில்லை. இருக்கிற அதிகாரத்தைக் கொண்டு ஊர் ஊராகக் கணக்கெடுத்து எல்லையைக் குறைத்தால் போதும்.

தூரம் மட்டும் போதாது, வழியையும் பார்க்க வேண்டும் என்று இங்கிலாந்துச் சட்டமும் சொல்கிறது. அங்கே 8 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2 மைல், மற்றவர்களுக்கு 3 மைல் என்பது எல்லை. இந்த மூன்று மைல் 1870இன் தொடக்கக் கல்விச் சட்டத்திலேயே இருந்த எண். ஆனால் பெரியவர் ஒருவர் துணைக்கு வந்தாலும் பிள்ளை பத்திரமாக நடக்க முடியாத வழி என்றால், எல்லைக்குள் வீடு இருந்தாலும் இலவச வண்டி உண்டு. அந்த நாட்டிலும் மலை வந்தால் சிக்கல் வருகிறது. வடக்கு யார்க்‌ஷயர் மன்றம் 2024 ஜூலையில் தன் விதியை மாற்றி, மிக அருகில் உள்ள பள்ளிக்கு மட்டுமே இனி இலவச வண்டி என்றது. மலைப் பள்ளத்தாக்குப் பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். வரைபடத்தில் அருகில் இருக்கிற பள்ளிக்குப் போகும் மலைச்சாலை குளிர்காலத்தில் பனியால் ஆபத்தாகிவிடும் என்பது அவர்கள் வாதம்.

பணத்துக்கு வருவோம். ஆண்டுக்கு 6,000 ரூபாயை 220 பள்ளி நாளுக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 27 ரூபாய் சொச்சம். ஓர் ஊரிலிருந்து பத்துப் பிள்ளைகள் சேர்ந்தால் ஏறத்தாழ 270 ரூபாய். நான்கே பிள்ளைகள் என்றால் 110 ரூபாயைத் தொடாது. காலையில் ஏறி இறங்கி, மாலையில் மறுபடி ஏறி இறங்கும் ஜீப்புக்கோ பிக்கப் வண்டிக்கோ இது டீசல் செலவுக்காவது காணுமா? எனவே சிறிய ஊருக்கு, அதாவது இந்த வசதி மிகவும் தேவைப்படுகிற ஊருக்கு, வண்டி ஓட்ட ஆள் கிடைப்பது மிகக் கடினம். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதை விட்டுவிட்டு மலைப்பகுதியில் வழித்தடத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தால்தான் கடைசி ஊர்வரை வண்டி போகும். அந்தப் பணமும் ஒழுங்காக வந்தால்தான் உண்டு. தேசியக் கல்விக் கொள்கையோடு இணைந்த பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்டத்தில் தமிழ்நாடு சேரவில்லை என்பதற்காக 2024-25இல் சமக்ர சிக்‌ஷாவில் வர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. கல்விக் கொள்கைச் சண்டையை இரு அரசுகளும் எங்கே வேண்டுமானாலும் நடத்தட்டும். மலைப்பிள்ளையின் வண்டிப் பணத்தை அதில் பிணை வைப்பது அநியாயம்.

மாநில அரசின் கையில் இருப்பவற்றிலும் இதே தகுதிச் சிக்கல் உண்டு. 2021 மே மாதம் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தபோது அது சாதாரண டவுன் பஸ்களுக்கானது. மலையில் ஓடுகிற பஸ்கள் அந்த வகையில் வராததால் மலைப்பெண்கள் விடுபட்டார்கள். 2024 பிப்ரவரியில்தான் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை என்று பெயர் சொல்லி மலைப்பகுதிகளுக்கு அது விரிவானது. பயணியின் தேவையைப் பார்க்காமல் வண்டியின் வகையைப் பார்த்துத் தகுதியை எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இடைப்பட்ட அந்த ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஒரு பாடம். 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டத்திலும் இதைக் கவனிக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வரையிலான வழித்தடம், அதில் 65 சதவீதம் இதுவரை பஸ் போகாத பகுதி என்ற நிபந்தனை மலைக்கு மிகவும் பொருத்தம். ஆனால் ஓட்டுபவர் தனியார். மாணவர்களின் இலவசப் பாஸ் அரசு பஸ்ஸுக்கானது. கல்வராயனில் மினி பஸ் உள்ளூர்வரை வந்தால், பள்ளிப் பிள்ளைகளுக்கான கட்டணத்தை அரசே உரிமையாளருக்குக் கொடுத்துவிட்டுப் பாஸை அதிலும் செல்லுபடியாக்க வேண்டும். இல்லாவிட்டால் புகையைக் கக்கிக்கொண்டு போகும் வண்டிக்குப் பின்னால் பிள்ளை நடந்துகொண்டிருக்கும்.

சாலை இல்லாத இடத்துக்கு எந்த வண்டியும் வராது. மலையின் பெரும்பகுதி வனத்துறையின் கீழ் இருக்கிறது. காட்டு நிலத்தில் சாலை போட அனுமதி இல்லை என்ற பதிலோடு பல கோரிக்கைகள் அடங்கிவிடுகின்றன. 2006இன் வன உரிமைச் சட்டம் 3(2) பிரிவில் வேறு வழி காட்டுகிறது. கிராம சபை பரிந்துரைத்தால், ஓரிடத்தில் 1 ஹெக்டேருக்குக் குறைவாக, ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், பள்ளிக்கும் சாலைக்கும் காட்டு நிலத்தை ஒதுக்கலாம். ஓடைமீது சிறு பாலமோ சரிவில் ஒரு வளைவோ அமைக்க இந்த அளவே பல இடங்களில் போதும். மலையாளிப் பழங்குடி மக்கள் வாழும் ஊர்களில் கிராம சபைத் தீர்மானத்துக்கு இருக்கிற இந்த வலிமையை அதிகாரிகளே எடுத்துச் சொல்ல வேண்டும்.

தங்கிப் படிக்கலாமே என்பார்கள். பழங்குடியினர் நலத்துறையின் உண்டு உறைவிடப் பள்ளிகள் மலையில் உண்டு. வெள்ளிமலையில் ஏகலைவா மாதிரி உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. பெற்றோர் மாதக்கணக்கில் வெளியூர் வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு அவை பெரிய தாங்கல். வளர்ந்த பிள்ளைகளுக்கு விடுதி நல்ல வழி. ஆனால் ஆறு வயதுக் குழந்தை அம்மாவோடு தூங்கி எழுந்து பள்ளிக்குப் போவதற்கு உரிமை இல்லையா? விடுதி இருக்கிறது என்பதை வண்டி மறுப்பதற்கான காரணமாக ஒருபோதும் வைக்கக் கூடாது.

ஜாகிர்தார்கள் கையில் இருந்த இந்த மலை அரசு நிர்வாகத்தின்கீழ் வந்ததே 1976இல்தான். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பரில். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் நிகழ்ந்த கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு, சென்னை உயர் நீதிமன்றம் கல்வராயன்மலை மக்களின் நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்து, சாலை, போக்குவரத்து, பள்ளி என்று அரசைக் கேள்வி கேட்டது. கள்ளச்சாராயத்துக்கும் பள்ளி வண்டிக்கும் என்ன தொடர்பு என்று யாரும் கேட்க மாட்டார்கள் என்று நம்புகிறேன். பத்தாவதைத் தாண்டாத பையனுக்கு மலையில் வேறு என்ன வேலை இருக்கிறது?

பள்ளி மேலாண்மைக் குழுக்கள்தான் பள்ளியின் தேவையைத் திட்டமாக எழுதிக் கொடுக்க வேண்டியவை. அவற்றின் உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெற்றோர். எந்த ஓடை எந்த மாதம் வழிமறிக்கும் என்று அவர்களைவிட அறிந்தவர் இல்லை. வீட்டிலிருந்து பள்ளிக்குப் பிள்ளை நடக்க எவ்வளவு நேரம் ஆகிறது, மழையில் எத்தனை நாள் வர முடியவில்லை என்று ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர்கள் எழுத வேண்டும். 11, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களையும், இன்றைய விதியில் இடமில்லாவிட்டாலும், அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். 2025-26 வரை என்று வகுத்த திட்டத்துக்கு அடுத்த கட்டம் எழுதப்படும்போது, அவர்கள் எத்தனை பேர் என்று மாவட்ட அலுவலகம் கேட்டால் கொடுப்பதற்குக் கையில் கணக்கு இருக்கும்.