காது கேட்குதா, இல்லையா? டால்பினுக்கு டெஸ்ட் எடுப்பது எப்படி?

கரை ஒதுங்கிய டால்பினுக்கு சிகிச்சை கொடுத்து, உடம்பும் தேறிவிட்டது. உடனே கடலில் விட்டுவிடலாமா? அதற்கு முன்பு அமெரிக்காவில் பல நேரங்களில் ஒரு டெஸ்ட் எடுக்கிறார்கள். அதுதான் காது டெஸ்ட்.

டால்பின் ஒலி எழுப்பி, மீன் மேல் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கேட்டு இரை தேடும் விலங்கு. இருட்டிலும் கலங்கிய நீரிலும் கண் பெரிதாக உதவாது. காது போனால் சாப்பாடே சிக்கல்தான்.

சரி, ‘சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க’ என்று நம்மிடம் சொல்லலாம். டால்பினிடம்?

முதல் வழி, பழக்குவது. அமெரிக்கக் கடற்படை ஆய்வாளர் ஸ்காட் ஜான்சன் இப்படிச் செய்த சோதனை 1967-ல் வெளியானது. விளக்கு எரியும். ஒலி கேட்டால் டால்பின் போய் நெம்புகோலைத் தள்ள வேண்டும். கேட்காவிட்டால் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். சரியாகச் செய்தால் மீன்! ஒலியைப் படிப்படியாகக் குறைப்பார்கள். சும்மா குத்துமதிப்பாகத் தள்ளிவிடக் கூடாதே என்று, இடையிடையே ஒலியே இல்லாமலும் விளக்கு எரியும். இதில் 75 ஹெர்ட்ஸ் முதல் 1,50,000 ஹெர்ட்ஸ் வரை டால்பினுக்குக் கேட்பது தெரிந்தது. மனிதர்களுக்கு எல்லை சுமார் 20,000 தான்.

ஆனால் இப்படிப் பழக்க மாதக்கணக்கில் ஆகும். கரை ஒதுங்கிய டால்பினுக்கு ஏது அவ்வளவு நேரம்?

அதற்குத்தான் இரண்டாவது வழி. கைக்குழந்தைகளுக்கு எடுக்கும் ‘பெரா’ டெஸ்ட் மாதிரி. டால்பினின் தலையில் சக்‌ஷன் கப் வைத்து மின்முனைகளை ஒட்டி, ஒலி கேட்கும்போது மூளையில் எழும் மின் சிக்னலைப் பதிவு செய்கிறார்கள். ஸ்பீக்கரை எங்கே வைப்பார்கள் தெரியுமா? கீழ்த்தாடையில்! டால்பினின் காதுத் துளை ஊசி முனை அளவுதான். ஒலி பெரும்பாலும் தாடைக் கொழுப்பு வழியாகவே உள்காதுக்குப் போகிறது. 1988-ல் வெளியான ஆய்வில், ஒலியைத் தடுக்கும் உறையைத் தாடையில் மாட்டியதும் எதிரொலியை வைத்துப் பொருட்களை அடையாளம் காண டால்பின் திணறியது.

கரை ஒதுங்கியவற்றை இந்த முறையில் சோதித்த 2010 ஆய்வு முடிவு அதிர்ச்சி ரகம். பாட்டில்மூக்கு டால்பின்களில் 57 சதவீதத்துக்குக் காது மிக மோசமாகப் பாதிக்கப்பட்டிருந்தது. முதுமை, பிறவிக் குறை, பேரிரைச்சல், ஏன், சில மருந்துகள்கூடக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். காது சுத்தமாகக் கேட்காதவை பொதுவாகக் கடலுக்குத் திரும்புவதில்லை. ஆயுள் முழுக்க மனிதர்களின் பராமரிப்பில்தான்.